‘அறிக்கை அனுப்பலாமா?’ என்று மென்பொருள் கேட்கும்போது

வேலைக்கு நடுவே ஒரு செயலி திடீரென்று மூடிக்கொள்கிறது. உடனே ஒரு சிறிய பெட்டி திறந்து, ‘இந்தச் சிக்கலைப் பற்றிய அறிக்கையை அனுப்பலாமா?’ என்று கேட்கிறது. அவசரத்தில் இருப்பவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வார். அனுப்பினால் என்ன போகிறது, யாரிடம் போகிறது, அனுப்பாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பல மென்பொருள்கள் அந்தப் பெட்டியைக்கூடக் காட்டுவதில்லை. பின்னணியில் தாமாகவே அனுப்பிவிடுகின்றன.

இப்படிப் போகும் தகவல்களில் ஒரு வகையை மட்டும் இங்கே பார்க்கலாம்: ஒரு மென்பொருள் எந்த மாதிரிக் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று சொல்லும் இணக்க அறிக்கை. கேட்பதற்குத் தீங்கில்லாத விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் தனியுரிமையைப் பொறுத்தவரை மிகச் சிக்கலான வகை இதுதான் என்பது என் கருத்து. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

டெவலப்பருக்கு இது ஏன் தேவை

ஒரு மென்பொருளை எழுதுகிறவரிடம் சோதித்துப் பார்க்க நாலைந்து கணினிகள் இருக்கலாம். பெரிய நிறுவனமாக இருந்தால் சில ஆயிரம் இருக்கலாம். வெளியிலோ இயங்குதளத்தின் பதிப்பு, பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள், ஒலி அட்டை, மொழி அமைப்பு, கூடவே ஓடும் ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொன்றும் பலவிதமாக இருக்கிறது. இவை ஒன்றோடொன்று சேரும் விதங்களை யாராலும் முழுமையாகச் சோதித்து முடிக்க முடியாது. ‘என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று டெவலப்பர் சொல்வது சாக்கு அல்ல. பெரும்பாலும் அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

பயனர்கள் தாங்களே எழுதி அனுப்பலாமே என்று தோன்றும். அப்படியும் நடக்கிறது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓட்ட உதவும் வைன் திட்டம், எந்தச் செயலி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பயனர்கள் பிளாட்டினம், கோல்டு, சில்வர் எனத் தரம் போட்டு எழுதும் ஒரு தரவுத்தளத்தைப் பல காலமாக நடத்திவருகிறது. விளையாட்டுகளுக்கு இதே போன்ற புரோட்டான்டிபி தளம் இருக்கிறது. இவற்றில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதை எழுதுகிறவரே முடிவு செய்கிறார். அது பெரிய நன்மை. குறை என்னவென்றால், எழுதத் தெரிந்தவரும் எழுத நேரம் உள்ளவரும்தான் எழுதுவார்கள். புதிய பதிப்பு வந்த மறுநாளே பழைய குறிப்புகள் செல்லாமல் போகலாம். அதைத் திருத்த யாரும் திரும்பி வருவதில்லை.

தானியங்கி அறிக்கை இந்தக் குறையைத் தீர்க்கிறது, அதுவும் சிறிய அளவில் அல்ல. 2002 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தானியங்கிப் பிழை அறிக்கைகளிலிருந்து தாங்கள் கற்றுக்கொண்டதை அதில் சொல்லியிருந்தார்: மொத்தப் பிழைகளில் 20 சதவீதம்தான் 80 சதவீதக் கோளாறுகளை உண்டாக்குகிறது, வெறும் 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். அந்த 1 சதவீதம் எது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. லட்சக்கணக்கான கணினிகள் சொன்னால்தான் தெரியும். ஆகவே ‘எதுவுமே அனுப்பக் கூடாது’ என்ற நிலைப்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. பழைய கணினி, அதிகம் புழங்காத மொழி, மலிவான ஹார்டுவேர் வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் அந்த விலையைக் கொடுக்கிறார். அவருடைய கணினியில் ஓடவில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால்

செயலி திடீரென்று விழும்போது போகும் ஒரு சாதாரண கிராஷ் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மேலே செயலியின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், எந்த நிரல்பகுதியில் எந்த இடத்தில் விழுந்தது என்ற விவரங்கள் இருக்கும். இதுவரை பிரச்சினை இல்லை. அடுத்து, அப்போது திறந்திருந்த கோப்பின் பாதை வரும். விண்டோஸில் அது சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையில் தொடங்கும். அதற்கு அடுத்த கோப்புறையின் பெயரோ பெரும்பாலும் கணினி உரிமையாளரின் பெயர். பாதையின் கடைசியில் கோப்பின் பெயர் இருக்கும்: ‘ராஜினாமா கடிதம்’, ‘ஸ்கேன் ரிப்போர்ட்’, ‘ஜாமீன் மனு’. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை; பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இதைச் சேகரிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பிழையைத் தேடுவதற்காக ஒரு டெவலப்பர் எழுதிய ஒரு வரி நிரல் அதைச் சேர்த்து அனுப்பிவிட்டது.

இன்னும் ஆழமான அறிக்கைகளில், செயலி விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததன் ஒரு பகுதி அப்படியே படியெடுக்கப்பட்டுப் போகும். பாதி எழுதிய மின்னஞ்சல், இப்போதுதான் தட்டிய கடவுச்சொல், நகலெடுத்து வைத்திருந்த வங்கிக் கணக்கு எண் என எதுவும் அதில் இருக்கலாம். பிழையைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. தனியுரிமைக்கு இதைவிட மோசமான சான்றும் கிடையாது.

உலாவிகளில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. ஒரு இணையதளம் சரியாகத் திறக்கவில்லை என்று தெரிவிக்க வேண்டுமானால் முகவரியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஏதோ ஒரு பக்கம்’ என்றால் யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் நீளமான பக்க முகவரிக்குள் தேடிய சொல், பயனர் எண், சில நேரம் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான ரகசியக் குறியீடுகூட இருக்கும். பயர்பாக்ஸில் உடைந்த தளத்தைப் புகாரளிக்கும் வசதியைத் திறந்தால், அனுப்பப்போகும் முகவரி கண்ணெதிரே தெரியும். வேண்டாத பகுதியை அழித்துவிட்டு அனுப்பலாம். அதே உலாவியின் கிராஷ் பெட்டியில், பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் நல்ல வடிவமைப்பு இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது.

அறிக்கை போகும் வழியிலும் ஆபத்து உண்டு. விண்டோஸ் கணினிகளின் பிழை அறிக்கைகளை அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ இடைமறித்துப் பயன்படுத்தியதாக 2013 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் செய்தி வெளியிட்டது. எந்தக் கணினியில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எங்கே ஓட்டை என்பதெல்லாம் ஒரு பிழை அறிக்கையில் வரிசையாக இருக்கும். டெவலப்பருக்கு உதவும் அதே பட்டியல், உள்ளே நுழைய நினைப்பவருக்கும் உதவும். அறிக்கையை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்புவது குறைந்தபட்சத் தேவை என்பதை இதன் பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்

‘நாங்கள் பெயரையோ மின்னஞ்சலையோ சேகரிப்பதில்லை, எல்லாம் அநாமதேயம்’ என்ற வரியைப் பல தனியுரிமைக் கொள்கைகளில் பார்க்கலாம். சொல்பவர் மனதார நம்பித்தான் சொல்லக்கூடும். இருந்தாலும் அது போதாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு 50 பேரில் ஒருவரிடம் இருக்கிறது. பிராசசர் 40 பேரில் ஒருவரிடம். திரை அளவும் மொழி அமைப்பும் சேர்ந்தது 30 பேரில் ஒருவரிடம். டிரைவர் பதிப்பு 20 பேரில் ஒருவரிடம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே உங்களை அடையாளம் காட்டாது. இவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்று வைத்துக்கொண்டு பெருக்கினால், நான்கும் ஒன்றுசேர்வது 12 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான். இன்னும் இரண்டு விவரம் சேர்ந்தால் உலகத்தில் அப்படி ஒரே ஒரு கணினிதான் இருக்கக்கூடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் டிஜிட்டல் உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 4,70,161 உலாவிகளைப் பரிசோதித்தார்கள். உலாவி தானாகவே சொல்லும் எழுத்துருப் பட்டியல், பிளக்இன் பட்டியல், திரை அளவு போன்றவற்றை மட்டும் வைத்துப் பார்த்தபோதே 83.6 சதவீத உலாவிகள் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. அதற்கும் முன்பே, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 1990-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டியிருந்தார்.

‘வரிசை எண்ணை அப்படியே அனுப்பவில்லை, ஹாஷ் செய்துதான் அனுப்புகிறோம்’ என்பது அடுத்த சமாதானம். ஹாஷ் என்பது எந்த மதிப்பையும் திரும்பப் பெற முடியாத ஒரு நீண்ட குறியீடாக மாற்றும் கணித முறை. திரும்பப் பெற முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஊகித்துப் பார்க்க முடியும். நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். அது தெரிந்துவிட்டால் மறுபாதிக்கு 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் வாய்ப்புகள்தான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நொடிகள் போதும். இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளில் பழைய வகை மொத்தமே சுமார் 430 கோடி. அதுவும் எட்டாத எண்ணிக்கை அல்ல. ஆக, ஹாஷ் செய்த முகவரியும் ஒரு முகவரிதான்.

அபூர்வமான கணினி

இணக்க அறிக்கை மற்ற தகவல் சேகரிப்புகளிலிருந்து வேறுபடும் இடம் இது. எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைக்கும் டெவலப்பருக்குச் சராசரி போதும். இணக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவருக்குச் சராசரியால் பயனில்லை. எல்லோரிடமும் இருக்கும் கணினியில் மென்பொருள் நன்றாகத்தான் ஓடும். அதில்தான் அவர் ஏற்கெனவே சோதித்திருக்கிறாரே. உடைவது ஓரத்தில்தான்: பழைய ஒலி அட்டை, புதிய டிரைவர், வலமிருந்து இடமாக எழுதும் மொழி, மூன்று திரைகள் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடத்தில். அவர் தேடுவது அந்த அபூர்வச் சேர்க்கையை. ஆளை எளிதில் காட்டிக்கொடுப்பதும் அதே அபூர்வச் சேர்க்கைதான். எந்த அளவுக்கு ஒரு அறிக்கை பயனுள்ளதோ அந்த அளவுக்கு அது ஆபத்தானது.

ஒரு உதாரணம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்ததா என்பது இணக்க அறிக்கையில் மிக முக்கியமான விவரம். எத்தனையோ செயலிகள் திரைவாசிப்பானோடு சேரும்போதுதான் தடுமாறுகின்றன. அது தெரியாமல் போனால் அந்தப் பயனர்கள் காலாகாலத்துக்கும் கைவிடப்படுவார்கள். ஆனால் ‘ஆம்’ என்ற அந்த ஒற்றைச் சொல் ஒருவருடைய உடல்நிலையைப் பற்றிய தகவல். அதோடு ஊர் நேரம், மொழி, கணினி மாடல் எல்லாம் சேர்ந்து வந்தால், அதைப் படிப்பவருக்கு ஒரு ஆளே கண்முன் வந்து நிற்பார். நிறுவப்பட்ட செயலிகளின் முழுப் பட்டியலும் அப்படித்தான். இரண்டு மென்பொருள்கள் மோதிக்கொள்கின்றனவா என்று அறிய அது உதவும். ஒருவருடைய மதம், நோய், தொழில், காதல் வாழ்க்கை என எல்லாவற்றையும் அதே பட்டியல் சொல்லிவிடும்.

ஆகவே ‘அநாமதேயம்’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டு இந்தச் சிக்கலைக் கடந்துபோக முடியாது. பொதுவான கேள்விகளுக்கு ஒரு வழி, அபூர்வமான கேள்விகளுக்கு வேறொரு வழி என்று இரண்டாகப் பிரித்துத்தான் அணுக வேண்டும்.

பொதுவான கேள்விகளுக்குக் கணக்கு போதும்

முதல் விதி எளிது: கேள்வியை முதலில் எழுது, தகவலைப் பிறகு கேள். ‘இருப்பதையெல்லாம் அனுப்பி வைப்போம், என்றைக்காவது உதவும்’ என்று தொடங்கினால் முடிவே கிடையாது. ‘பழைய கிராஃபிக்ஸ் முறைக்கான ஆதரவை அடுத்த பதிப்பில் நீக்கலாமா?’ என்பது ஒரு கேள்வி. அதற்குத் தேவை அந்த முறையை இன்னும் எத்தனை சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற ஒரு எண் மட்டுமே. பயனர் எண், நேரம், கோப்புப் பெயர் எதுவும் தேவைப்படாது.

இந்த வழியில் போன நல்ல முயற்சி கோ நிரல்மொழியின் டெலிமெட்ரி, அதாவது பயன்பாட்டுத் தகவலைத் தானாகத் திரட்டும் ஏற்பாடு. இதில் நிகழ்வுகளின் பதிவு எங்கும் போவதில்லை. கணினியிலேயே எண்ணிக்கைகள் சேர்கின்றன, வாரத்துக்கு ஒருமுறை மொத்தம் மட்டும் தயாராகிறது. எந்தெந்த எண்ணிக்கைகளைக் கேட்கலாம் என்ற பட்டியல் முன்கூட்டியே எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. வந்துசேர்ந்த தகவலும் வெளியிடப்படுகிறது. 2023 தொடக்கத்தில் கோ குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ் இதை முன்மொழிந்தபோது இயல்பாகவே இயங்கும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்பதாக இருந்தது. கடும் விவாதத்துக்குப் பிறகு, பயனர் இயக்கினால் மட்டுமே அனுப்பும் என்று மாற்றினார்கள்.

எல்லோரும் அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. ஒரு சதவீதத்தைக் கூடவோ குறையவோ 1 புள்ளிக்குள், 99 சதவீத நம்பகத்தோடு அறிய, பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுத்த சுமார் 16,600 அறிக்கைகள் போதும். பயனர்கள் 10 லட்சம் பேராக இருந்தாலும் 10 கோடிப் பேராக இருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான். கோடிக்கணக்கான கணினிகளிடமிருந்து தினந்தோறும் வாங்கிக் குவிப்பவர், தன் கேள்விக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாக வாங்குகிறார்.

அடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர், சங்கடமான கேள்விகளுக்கு மக்கள் உண்மையைச் சொல்ல ஒரு வழி கண்டார். கேள்விக்குப் பதில் சொல்வதில் தற்செயலைக் கலந்துவிடுவதுதான் அந்த வழி. அதன் எளிய வடிவம் இது: கணினி ரகசியமாக ஒரு காசு சுண்டுகிறது. தலை விழுந்தால் உண்மையைச் சொல்லும். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு ‘ஆம்’, பூவுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஒரு கணினி ‘ஆம், எனக்கு அந்தச் செயலி உடைந்தது’ என்று சொன்னால், அது உண்மையா காசு சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தத்தில் கணக்கு கிடைத்துவிடும். 10,000 கணினிகளில் 3,000 ‘ஆம்’ என்றால், காசினால் மட்டுமே வந்தவை சுமார் 2,500. மீதி 500 உண்மையாகச் சொன்ன பாதிப் பேரிடமிருந்து வந்தவை. பாதிப் பேர் என்பது 5,000; அதில் 500 என்றால் 10 சதவீதம். செயலி ஏறக்குறைய 10 சதவீதக் கணினிகளில் உடைகிறது. கூடவோ குறையவோ 2 புள்ளி பிழை இருக்கும், அவ்வளவுதான்.

இந்த எண்ணத்தின் மேல் கணினி அறிவியலாளர் சிந்தியா டுவொர்க் முதலானோர் 2006-இல் டிஃபரன்ஷியல் பிரைவசி என்ற கணித வரையறையை எழுப்பினார்கள்: ஒருவருடைய தகவல் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மொத்த முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூகுள் 2014-இல் குரோமில் இவ்வகையான ராப்பர் முறையை அறிவித்தது. ஆப்பிள் 2016-இல் ஐஓஎஸ் 10-இல் கொண்டுவந்தது.

இன்னொரு வழி, எண்ணை உடைத்து இரண்டு சர்வர்களுக்கு அனுப்புவது. ஸ்டான்ஃபோர்டின் ஹென்றி காரிகன்-கிப்ஸ், டான் போனே இருவரும் 2017-இல் வெளியிட்ட பிரியோ முறையின் மையம் இதுதான். ஒரு உதாரணம்: மூன்று கணினிகள், செயலி உடைந்ததா என்பதற்கு அவற்றின் பதில் 1, 0, 1 (1 என்றால் ‘ஆம்’, 0 என்றால் ‘இல்லை’). முதல் கணினி 58 என்ற ஏதோ ஒரு எண்ணை முதல் சர்வருக்கும் 43-ஐ இரண்டாவதற்கும் அனுப்புகிறது. கூட்டினால் 101, நூறுகளைத் தள்ளினால் 1. இரண்டாவது கணினி 20-ம் 80-ம் அனுப்புகிறது. கூட்டித் தள்ளினால் 0. மூன்றாவது 91-ம் 10-ம், அதுவும் 1. முதல் சர்வரிடம் இருப்பது 58, 20, 91, மொத்தம் 169. இரண்டாவதன் மொத்தம் 133. இரண்டு மொத்தங்களையும் கூட்டினால் 302, நூறுகளைத் தள்ளினால் 2. இரண்டு கணினிகளில் உடைந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எந்த இரண்டு என்று எந்தச் சர்வருக்கும் தெரியாது. இரண்டு சர்வர்களையும் ஒரே ஆள் நடத்தக் கூடாது, இருவரும் கூட்டுச் சேரக் கூடாது. அந்த நம்பிக்கையின் மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது. ஒருவர் நேர்மையாக இருந்தாலே போதும் என்பது அதன் அழகு.

அபூர்வத்துக்கு அனுமதி வேண்டும்

காசு சுண்டும் முறை அபூர்வச் சேர்க்கைகளிடம் தோற்றுவிடும். 10 லட்சம் பேரில் 100 பேரிடம் மட்டுமே இருக்கும் ஒரு சேர்க்கையை அதைக் கொண்டு தேடினால், பிழையின் அளவே சுமார் 1,700 பேர் வரை போகும். 100 பேர் அந்த இரைச்சலில் மூழ்கிப்போவார்கள். கணிதம் இங்கே வஞ்சகம் செய்யவில்லை. 100 பேரை மறைப்பதற்காகத்தான் அந்த முறையே இருக்கிறது.

கொஞ்சம் தூரம் வரை தந்திரங்கள் உதவும். முழுச் சேர்க்கையையும் ஒரே அறிக்கையில் அனுப்பாமல், ‘இந்தச் செயலியும் இந்த டிரைவரும்’, ‘இந்தச் செயலியும் இந்த ஒலி அட்டையும்’ என்று இரண்டிரண்டாகப் பிரித்துத் தொடர்பில்லாமல் அனுப்பலாம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவானவர்கள் சொன்ன மதிப்பை வெளியே காட்டாமல் வைக்கலாம். பிரேவ் உலாவிக்குப் பின்னால் இருப்பவர்கள் 2022-இல் வெளியிட்ட ஸ்டார் முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரே மதிப்பைக் குறைந்தது இத்தனை பேர் அனுப்பினால்தான் அதைப் பிரித்துப் படிக்கவே முடியும், சர்வர் நடத்துபவராலும்கூட.

அதற்கப்புறம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. விண்டோஸின் பிழை அறிக்கை முறையில் உருப்படியான ஒரு ஏற்பாடு இருந்தது. முதலில் செயலியின் பெயர், பதிப்பு, விழுந்த இடம் என்ற மெல்லிய அடையாளம் மட்டும் போகும். அந்தப் பிழை ஏற்கெனவே தெரிந்தது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தெரியாததாக இருந்து, மேலும் விவரம் தேவைப்பட்டால்தான் சர்வர் கூடுதலாகக் கேட்கும். பெரும்பாலான அறிக்கைகளுக்கு முதல் படியே போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு படி அமைப்புதான் சமநிலைக்கு மிக அருகில் வருகிறது என்று நினைக்கிறேன். முதல் படியில் யாரையும் அடையாளம் காட்டாத எண்ணிக்கை. இரண்டாவது படியில், ‘உங்கள் கணினியில் வந்திருக்கும் பிழை எங்களுக்குப் புதியது, இந்தக் கோப்பை அனுப்பினால் கண்டுபிடிக்க உதவும், அதில் இன்னின்ன இருக்கின்றன’ என்று ஒரு மனிதரிடம் பேசுவதுபோலக் கேட்பது. அபூர்வமான கணினி வைத்திருப்பவருக்கு அந்தப் பிழை தீர வேண்டும் என்ற அக்கறை எல்லோரையும்விட அதிகம். மரியாதையாகக் கேட்டால் அவர் தருவார்.

கேட்பது என்றால் உண்மையாகவே கேட்பது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில், பிளானட்49 வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இணையதளங்கள் உலாவியில் வைக்கும் குக்கீ என்ற சிறு கோப்புகளைப் பற்றிய வழக்குதான் என்றாலும், சம்மதம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அது எங்கும் பொருந்தும் விடை. டெபியன் லினக்ஸை நிறுவும்போது, எந்தெந்த மென்பொருள் பொதிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வாரம் ஒருமுறை தெரிவிக்கலாமா என்ற கேள்வி வரும். கர்சர் ‘இல்லை’ என்பதில்தான் நிற்கும். லினக்ஸில் பயன்படும் திரைமுகப்பான கேடிஇ பிளாஸ்மா 2020-இல் பயனர் கருத்து அனுப்பும் வசதியைச் சேர்த்தபோதும் அது அணைத்த நிலையில்தான் வந்தது. எவ்வளவு விவரம் போகலாம் என்பதைப் படிப்படியாக நகர்த்தும் ஒரு ஸ்லைடர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் என்ன போகும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. 2021 மே மாதம் ஒலித் திருத்த மென்பொருளான ஆடாசிட்டியில் கூகுள், ரஷ்யாவின் யாண்டெக்ஸ் ஆகியவற்றின் சேவைகள் வழியாகத் தகவல் சேகரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயனர்களின் கோபத்தைப் பார்த்துச் சில நாட்களில் கைவிடப்பட்டது. பயனர்கள் நம்பிப் பயன்படுத்திய ஒன்றில், மூன்றாம் தரப்பின் பெயர் வந்ததே அவர்களைக் காயப்படுத்தப் போதுமானதாக இருந்தது.

விரும்பியவர் மட்டும் அனுப்பினால் தகவல் ஒருபக்கமாகச் சாயும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் எடுப்பதற்கு அது நியாயம் ஆகாது. சாய்வைக் கணக்கில் எடுத்துத் திருத்தப் புள்ளியியலில் வழிகள் இருக்கின்றன. போன நம்பிக்கையைத் திருத்த அப்படி எதுவும் இல்லை. குறைவாக எடுத்தாலும் வேலை நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. விண்டோஸ் 10 அளவுக்கு மீறிச் சேகரிக்கிறது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2016-இல் மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த ஆண்டு, அடிப்படை நிலையில் சேகரிக்கும் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டதை ஏற்று அதை முடித்துவைத்தது. விண்டோஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கணினியில் பார்க்க வேண்டியவை

விண்டோஸில் தனியுரிமை அமைப்புகளுக்குள் கண்டறிதல் தரவு என்ற பகுதி இருக்கும். கட்டாயமானது, விருப்பத்துக்குரியது என்ற இரண்டையும் அங்கே பிரித்துக் காட்டியிருப்பார்கள். போகும் தகவலை நேரிலேயே பார்க்க டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் என்ற செயலி உண்டு. பயர்பாக்ஸின் முகவரிப் பட்டியில் about:telemetry என்று தட்டினால் வரும் உள்பக்கத்தில் சேகரிக்கும் எண்ணிக்கைகள் தெரியும். ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி புரியாவிட்டாலும், கோப்புப் பெயரோ முகவரியோ கண்ணில் படுகிறதா என்று பார்க்கத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

கிராஷ் பெட்டியில் ‘விவரங்கள்’ என்ற இணைப்பு இருந்தால் அதைத் திறந்து மூன்றைத் தேடுங்கள்: உங்கள் பெயர் உள்ள கோப்புப் பாதை, திறந்திருந்த ஆவணத்தின் பெயர், இணைய முகவரி. எதுவும் இல்லையென்றால் தயங்காமல் அனுப்புங்கள்; உங்களைப் போன்ற கணினி வைத்திருக்கும் யாருக்கோ அது உதவும். விவரங்களைக் காட்டவே மறுக்கும் மென்பொருளுக்கு, குறிப்பாக மருத்துவம், சட்டம், பணம் தொடர்பான வேலையில் இருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்வதில் தவறில்லை.

டெவலப்பரே நேரடியாகக் கேட்டு நீங்கள் பதிவுக் கோப்பை அனுப்பும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும் திறந்த மூல மென்பொருள்களில் பிழைப் பதிவுப் பக்கங்கள் பெரும்பாலும் உலகமே பார்க்கக்கூடியவை, தேடுபொறிகளிலும் வரும். கோப்பை ஒரு சாதாரண எடிட்டரில் திறந்து, உங்கள் பயனர் பெயரைத் தேடி, எல்லா இடத்திலும் ‘பயனர்’ என்று மாற்றிவிட்டு இணையுங்கள். நினைவகப் படியெடுப்பு கேட்டால் பொதுப் பக்கத்தில் போடாமல், தனிப்பட அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுவீர்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.